அரங்கேறுமுன் அங்காடி

நூல் ஒன்றை இயற்றியோர் அதனை அறிஞர் அவையில் அரங்கேற்றிய பின்னரே உலகிற்கு வழங்குதல் நம் முன்னோர் கண்ட முறை. அரங்கேறுமுன் அஃது ஆசிரியன் கையிலுள்ள ஏடே; குறை தோன்றின் திருத்திக்கொள்ள இடமுண்டு; விலை கொடுத்தேன் என்று வழக்காடுவாரும் இலர். இக்காலத்துக் கணினி விளையாட்டு இயற்றுவோர் பலர் கைக்கொண்ட முறையோ இதற்கு மாறானது. பணி முடிவதற்கு முன்னரே விலையைப் பெற்றுக்கொண்டு ஆடுவோரை உள்ளே விடுகின்றனர். இதனை அவர் 'ஏர்லி ஆக்செஸ்' என்பர். யாம் 'முன்னுழைவு' என்போம். 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடி 2013ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்தது. இதனால் நலம் பெற்றாரும் உளர். ஆயினும் பெருந்தொகையினர் ஒருங்கு கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில், அதிலும் இத்துறையில் மூத்துப் பெயர்பெற்றோர் இயற்றியவற்றில், முன்னுழைவு ஏமாற்றமாய் முடிந்தமை பன்முறை காணப்படுகின்றது. கைதேர்ந்தார் செய்த பொருள் வழுவுவது என்னை? சான்று ஒன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராயப் புகுகின்றோம்.

ரிச்சர்டு கேரியட் என்பார் அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். விண்வெளி வீரர் ஓவன் கேரியட்டின் மைந்தர். 2008இல் தாமும் பொருள் செலுத்தி விண்வெளி நிலையம் சென்று மீண்டவர். 1981 முதல் 'அல்டிமா' என்னும் விளையாட்டு வரிசையை வெளியிட்டார். 1985இல் வந்த நான்காம் அல்டிமா இன்றும் போற்றப்படுவது. பகைவனை வீழ்த்துதல் அதன் நோக்கமன்று. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களையும் ஆடுவோன் தன்பால் வளர்த்துக்கொள்ளுதலே நோக்கம். அதன்கண் கண்பார்வையற்ற மூலிகை வணிகர் வருவர். எண்ணிக் கொடுக்க வேண்டிய விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் அவர் அறியார். அப்பொழுது யாதொரு தண்டமும் நேராது. ஆயின் வாய்மை குன்றினமை கணக்கிலேறிப் பின்னர் வழியை அடைக்கும். விளையாட்டென்பது வீண்பொழுதென்று இகழ்வார் இப்பகுதியை மட்டுமேனும் அறிதல் தகும்.

நிற்க. கேரியட் பெயரை உலகெங்கும் பரப்பியது 1997 செப்டம்பர்த் திங்களில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்'. தனித்தனியே ஆடிய ஆட்டம் போய், ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் வாழும் ஆட்டமாயிற்று. வெளியீட்டிற்கு முன்னர்ச் சோதனைக்கென ஆட்களை அழைத்தனர். குறுந்தட்டின் செலவிற்கு 5 டாலர் மட்டும் கேட்டனர். ஏறத்தாழ 50,000 பேர் முன்வந்தனர். அந்நிறுவனத்தார் எதிர்பார்த்த மொத்த விற்பனையே அதனினும் குறைவென்ப. அச்சோதனையில் நிகழ்ந்தது ஒன்று இத்துறையினர் மறவாதது. கேரியட் தாமே 'லார்டு பிரிட்டிஷ்' என்னும் அரசராய்க் குடிகளுக்குக் காட்சியளித்தார். அவ்வரசரை யாராலும் கொல்ல இயலாவண்ணம் அமைத்திருந்தனர். எந்திரம் ஒருமுறை நின்று மீண்டபொழுது அக்காப்பை மீட்டும் இட மறந்தனர். கூட்டத்திலிருந்த ஆடுவோன் ஒருவன் தீ மந்திரம் ஒன்றை எறிந்தான். அரசர் மாண்டு வீழ்ந்தார்.

இன்னொன்றும் கூறுவாம். அவ்வுலகில் புல்லை முயல் மேயவும், முயலை ஓநாய் தின்னவும், இரை குறைந்தவிடத்து விலங்கு இடம்பெயரவுமாக ஒரு வாழ்க்கைச் சுழற்சியை அரிதின் முயன்று அமைத்திருந்தனர். ஆடுவோர் உள்ளே புகுந்ததும் கண்ட விலங்கையெல்லாம் கொன்று தீர்த்தனர். சுழற்சி சுழல நேரமே வாய்க்கவில்லை. ஆசிரியர் அதனைக் கைவிட்டனர். இவையெல்லாம் தோல்விகளே, ஆயினும் சோதனையில் நேர்ந்தவை. சோதனை முடிந்ததும் அவ்வுலகம் துடைக்கப்பட்டது. பொருள் இழந்தாரும் இலர். வெளியீட்டிற்குப் பின்னும் குறைகள் மலிந்திருந்தன. எனினும் சில திங்களில் சந்தாதாரர் தொகை இலட்சத்தை எட்டிற்று. ஒப்பிட்டு இகழ்வதற்கு வேறோர் உலகம் அக்காலத்து இல்லாமையே பெருங்காரணம் என்பது எம் கருத்து.

அவ்வுலகின் நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆடுவோர் தாம் ஈட்டிய பொன்னைக்கொண்டு வெற்றிடத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம். வெற்றிடம் விரைவில் தீர்ந்தது. ஆகவே வீட்டிற்கு மதிப்பு ஏறிற்று. 'ஈபே' அங்காடியில் மெய்யான டாலருக்கே வீடு விற்றனர். இம்மதிப்பு முன்னரே வகுத்ததன்று. மக்கள் அங்கு நெருங்கி வாழ்ந்தமையால் தானே விளைந்தது. பின் வருவதற்கு இதனை நினைவிற்கொள்க.

கேரியட் 2000இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். இடையே 2007இல் வெளியிட்ட 'டாபுலா ராசா' 2009 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா. 2013இல் 'ஷ்ரவுட் ஆஃப் தி அவதார்' என்னும் புது விளையாட்டை அறிவித்து, 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தின் வாயிலாகப் பொதுமக்களிடம் பத்து இலட்சம் டாலர் வேண்டினார். 22,000க்கு மேற்பட்டோர் ஏறத்தாழ 19 இலட்சம் டாலர் ஈந்தனர். அல்டிமா ஆன்லைனை முன்னின்று இயக்கிய ஸ்டார் லாங் இதற்கும் தலைமை ஏற்றார். இளமையில் அல்டிமா ஆடி வளர்ந்து, இப்பொழுது ஊதியம் பெறும் நிலையிலிருந்தோர் நன்றியுணர்வாலேயே பலர் ஈந்தனர் எனலாம். பொருள் இன்னும் பிறக்கவில்லை. பெயர் ஒன்றே பிணை.

2014 நவம்பரில் இவ்விளையாட்டு ஸ்டீம் அங்காடியில் முன்னுழைவாக வந்தது. உள்ளே புகுந்தோர் கண்டதென்ன? அல்டிமா ஆன்லைனில் தடையின்றி நடந்து செல்லும் நிலப்பரப்பிற்கு மாறாக, ஈண்டு ஊர்கள் தனித்தனிக் காட்சிகளாகத் துண்டுபட்டிருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல வரைபடத்தின்மீது நடந்து, திரை நிரம்பும்வரை காத்திருத்தல் வேண்டும். போர்த்திறங்கள் சீட்டுக்கட்டில் சீட்டு எழுவதுபோல் மாறி மாறி எழுந்தன. இது புதுமையே எனினும் பழைய அன்பர் பலர்க்கு ஒவ்வவில்லை. இவற்றைத் திருத்துதல் கூடும். திங்கள்தோறும் தவறாது புதுப்பதிப்பு வெளியிட்ட அவர்தம் உழைப்பையும் யாம் குறைத்துக் கூறோம். திருத்தவொண்ணாத பிழை வேறிடத்தது.

அஃது யாதெனின், நிலத்தை முன்னரே விற்றமை. உலகம் முற்றுப்பெறுமுன் அதன் மனைகளும் வீடுகளும் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கப்பட்டன. ஓர் ஊரையே தமதாக்கிக்கொள்ள விழைந்தார்க்கு ஆயிரக்கணக்கான டாலருக்கும் கிடைத்தது. பழைய உலகில் வாழ்க்கையின் பயனாய் வந்த மதிப்பை, புதிய உலகில் வாழ்க்கைக்கு முதலாக வைத்தனர். விளைவைக் காண்மின்: வாங்கினோர் ஊர்கள் பல, வாழ்வோர் சிலர். அழகிய வீடுகள் வரிசையாய் நிற்கும் தெருவில் ஆளரவம் இல்லை. நெருக்கத்தால் பிறந்த மதிப்பு வெறுமையில் எங்ஙனம் நிலைக்கும்? மேலும், பணம் தந்தவர் வீடே வாங்கியவராதலின், ஆசிரியரின் உழைப்பும் வீடு, அணிகலம், தளவாடம் ஆகியவற்றை நோக்கியே மிகுதியும் இழுக்கப்பட்டது. கதையும் போரும் பின்தங்கின என்று அன்பரே முறையிட்டனர்.

இரண்டாவது பிழை நாளைப் பற்றியது. சோதனைக்காலத்தில் அவ்வுலகம் இடையிடையே துடைக்கப்பட்டு வந்தது. 2016 சூலைத் திங்களில், இனித் துடைப்பதில்லை, ஈட்டியது நிலைக்கும் என்று அறிவித்தனர். முழு வெளியீடு என்று பெயரிட்டதோ 2018 மார்ச்சு 27. அங்ஙனமாயின் அரங்கேற்ற நாள் எது? முதற்பணம் பெற்ற நாளா, கதவு திறந்த நாளா, துடைப்பு நின்ற நாளா, வெளியீடு எனப் பறை அறைந்த நாளா? முழுமை பெற்றபின் வரலாம் எனக் காத்திருந்தவர் 2018இல் வந்தபொழுது, ஏறத்தாழ இருபது திங்கள் முன்னரே வாழத் தொடங்கியோர் நல்லிடம் பிடித்திருந்தனர். முன்னர் வந்தவரோ குறைகளையே கண்டு சலித்திருந்தனர். புதுமை காணும் கண் ஒருவற்கு ஒருமுறையே வாய்ப்பது. அதனை முடிவுறாப் பொருளின்மீது செலவிட்டபின் மீட்டும் பெறுதல் அரிது.

பொருள் இன்றி இத்துணைப் பெரும்பணி ஆற்றுதல் எங்ஙனம், முன்னுழைவே சிறு நிறுவனத்திற்கு உயிர் அன்றோ எனின், உண்மையே. லாரியன் நிறுவனத்தார் 2020 அக்டோபரில் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை முன்னுழைவாக்கி, 2023 ஆகஸ்டில் நிறைவு செய்து பெரும்புகழ் எய்தினர். ஆயின் அவர் காட்டியது முதற்பகுதி மட்டுமே. எஞ்சிய கதையைத் திரைக்குள் வைத்தனர். தனியே ஆடினும் நால்வர் கூடி ஆடினும் அப்பகுதி சுவை தரும். பலர் கூடி வாழும் உலகிற்கு அவ்வாறு ஒரு பகுதியை அறுத்துக் காட்டுதல் இயலாது. கூட்டமே அதன் உயிர். முதல்நாள் வந்த கூட்டம் கலைந்தால் இருப்பவர்க்கும் ஆட்டம் இல்லை. 2024 ஆகஸ்டில் முன்னுழைவாக வந்த 'ஸ்டார்ம்கேட்' இதற்கு இன்னொரு சான்று. 'ஸ்டார்கிராப்ட்', 'வார்கிராப்ட்' விளையாட்டுகளில் உழைத்த மூத்தோர் அமைத்தது அது. அப்பழைய விளையாட்டுகளோடு ஒப்பிட்டே அதனைக் குறை கூறினர். பெயர் கூட்டத்தை அழைத்து வரும்; அப்பெயரே உரைகல்லும் ஆகும். அறிமுகமில்லா இளைஞர் ஒருவரின் குறைப்பணியை முயற்சியென்று பாராட்டுவோர், மூத்தோரின் குறைப்பணியை வீழ்ச்சியென்றே கொள்வர்.

முழு வெளியீட்டிற்குப் பின் ஷ்ரவுட் நீண்டநாள் செழிக்கவில்லை. 2018 இறுதிக்குள் அதனைக் கட்டணமின்றி ஆடவிட்டனர். 2019இல் விளையாட்டும் அதன் உரிமைகளும் 'கேட்நிப் கேம்ஸ்' என்னும் வேறு நிறுவனத்திற்குக் கைமாறின. கேரியட் 2022இல் மற்றுமோர் இணைய உலகை அறிவித்தார். 'அயர்ன் அண்டு மேஜிக்' என்பது அதன் பெயர். அவ்வுலகிலும் ஆட்டம் வருமுன் விலைக்கு வந்தது நிலமே.