சயனோபாக்டீரியாவில் நொதி மாற்ற வருபவர்களுக்கு

கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் எடுக்க ஆசைப்பட்டு ஆய்வகத்துக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது. எத்தனை உயர்ந்த நொதியானாலும், அது குடியேறும் செல்லின் குணம் அறியாமல் போட்டால் பலிக்காது.

1. ஈ.கோலையின் வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதில் மறுநாளே காலனி தெரியும். சயனோபாக்டீரியா வகையான சினகோசிஸ்டிஸ் 6803-க்கு ஒரு வாரமோ இரண்டோ ஆகும். அதுவரை பிளேட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

2. காலனி வந்துவிட்டதென்று கொண்டாடாதீர்கள். இதன் ஒரே செல்லில் குரோமோசோம் பல படிகளாக இருக்கும். சிலவற்றில் மட்டும் உங்கள் ஜீன் நுழைந்திருந்தாலும் கானமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பிளேட்டில் காலனி வளரும். மருந்தின் அளவை ஏற்றி ஏற்றி, திரும்பத் திரும்பப் புது பிளேட்டில் இழுத்து, பிசிஆர் செய்து பாருங்கள். ஜெல்லில் பழைய ஜீனின் பட்டை மங்கலாகத் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. என்ன செய்தும் அது மறையாவிட்டால், அந்த ஜீன் இல்லாமல் செல் பிழைக்காது என்று சந்தேகப்படுங்கள்.

3. ஆக்சிஜனை மறக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் இந்தச் செல்லுக்குள்ளேயே அது உண்டாகும். காற்றில்லாமல் வாழும் கிளாஸ்ட்ரிடியத்தின் நொதிகள் சில அதில் செயலிழந்துவிடும். பியூட்டனால் வழித்தடத்துக்கு, ஆக்சிஜனைத் தாங்கும் சால்மொனெல்லா நொதியைக் கொண்டுவந்த பிறகே விளைச்சல் கூடியது.

4. செல்லில் எந்த இணைநொதி தாராளமோ அதைக் கேட்கும் நொதியைத் தேர்ந்தெடுங்கள். இங்கே என்ஏடிபிஎச் அதிகம், என்ஏடிஎச் குறைவு.

5. ஆற்றல் செலவுக்கு அஞ்சாதீர்கள். பியூட்டனால் வழித்தடத்தில் இரண்டு அசெட்டைல்-கோஏ இணையும் வினை எளிதில் முன்னேறாது. திரும்பிப் பிரியவே பார்க்கும். 2012-இல் லான், லியாவ் என்ற ஆய்வாளர்கள் ஏடிபியைச் செலவழித்து, மலோனைல்-கோஏ வழியாகச் சுற்றிப் போனார்கள். அந்த வழியில் கரியமில வாயு வெளியேறுவதால் வினை திரும்புவதில்லை. வெளிச்சத்திலேயே பியூட்டனால் கிடைத்தது.

6. விளைபொருள் செல்லைவிட்டு எப்படி வெளியேறும் என்று முதலிலேயே யோசியுங்கள். 2009-இல் அட்சுமி என்ற ஆய்வாளரின் குழு தேர்ந்தெடுத்த ஐசோபியூட்டிரால்டிஹைடு எளிதில் ஆவியாகும். காற்றோடு வெளியே எடுத்துவிடலாம்.

7. நல்ல காலனி கிடைத்த அன்றே மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். உற்பத்தி செய்யும் செல் பெரும்பாலும் மெதுவாகவே வளரும். பிறழ்வால் அந்தச் சுமையை உதறிய செல் முந்திக்கொள்ளும்.

8. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதினால், எத்தனை நாளில், எவ்வளவு வெளிச்சத்தில், எத்தனை செல்லுக்கு என்பதையும் எழுதுங்கள். அவை இல்லாத எண்ணை வைத்து இன்னொருவர் எதையும் ஒப்பிட முடியாது.