காட்டிடை இன்பப் பாசறை

சென்ற திங்கள் நம் சங்கத்தின் ஆய்வு வட்டத்தில் நண்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். ‘கிளாம்பிங்’ என்னும் புதுச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்பது அவ்வினா. காட்டிலும் மலையிலும் பாலையிலும் கூடாரம் அடித்து, அக்கூடாரத்துள் மாளிகைக்குரிய வசதிகளையெல்லாம் அமைத்து, செல்வர்களைத் தங்கவைக்கும் தொழிலுக்கு இன்று வழங்கும் பெயர் அது. கவர்ச்சியைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லும் கூடார வாழ்வைக் குறிக்கும் மற்றோர் ஆங்கிலச் சொல்லும் ஒட்டிப் பிறந்த கலப்புச் சொல். 2016ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலும் அஃது இடம் பெற்றுவிட்டது.

‘சொகுசுக் கூடாரம்’ என்றார் ஒருவர். ‘வனமாடம்’ என்றார் மற்றொருவர். நான் ஒன்றும் கூறாது வாளா இருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்த ஊர் நீலகிரியின் அடிவாரத்திலுள்ள மசினகுடி. காட்டு விடுதிகளால் எங்கள் ஊர் பிழைத்ததும் உண்டு, இடர்ப்பட்டதும் உண்டு. ஆகவே, சொல்லை ஆராயுமுன் பொருளை ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரை.

முல்லைப்பாட்டுக் காட்டும் பாசறை

காட்டில் வசதியோடு தங்குவது இன்று தோன்றிய வழக்கமன்று. நம் இலக்கியத்திலேயே அதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு. 103 அடிகளே உடையது. அப்பாட்டின் நடுப்பகுதி, கார்காலத்தில் காட்டாற்றின் அருகே ஒரு மன்னன் அமைத்த பாசறையை நமக்குக் காட்டுகிறது.

அப்பாசறை எவ்வாறு அமைந்தது என்பதை நண்பர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். முதலில், மணம் வீசும் பிடவம் முதலிய பசும்புதர்களை வெட்டி நிலத்தை வெறுமையாக்குகின்றனர். அங்கிருந்த வேட்டுவரின் சிற்றரண்களை அழிக்கின்றனர். முள்வேலி வளைக்கின்றனர். தழை வேய்ந்த குடிசைகள் தெருத்தெருவாக எழுகின்றன. நடுவே மன்னனுக்கு மட்டும் நெடிய கோல்களை நட்டுத் திரைத்துணி வளைத்துத் தனி இல்லம் அமைக்கின்றனர். இல்லத்தின் உள்ளே ஒளிவிளக்கு. கயிற்றால் இழுத்து வீழ்த்தும் திரையால் பிரித்த அறைகள். புறத்தே யவனர் காவல். நீர்க்கடிகையால் பொழுதறிந்து கூறுவோர். அக்காலத்து உயர்ந்த வசதிகள் யாவும் அக்கூடாரத்தில் இருந்தன.

ஆயினும் மன்னன் உறங்கவில்லை. போரில் புண்பட்ட யானைகளையும், உயிர்நீத்த வீரர்களையும், அம்பு தைத்து உணவு கொள்ளாது நிற்கும் குதிரைகளையும் எண்ணி எண்ணிக் கண் துயிலாது கிடந்தான் என்கிறார் புலவர். இதனை இங்கே குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம். கட்டுரையின் இறுதியில் இம்மன்னனிடமே நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

முகலாயரின் கூடார நகரம்

நாம் இன்று கல்வி பயிலும் இத்தில்லி மாநகரை ஆண்ட முகலாயர், கூடாரக் கலையைப் பெருநிலைக்கு உயர்த்தியவர்கள். பேரரசர் அக்பரின் பாசறையை அபுல் ஃபசல் தம் ‘ஆயின்-இ-அக்பரி’ என்னும் நூலில் கணக்கிட்டே எழுதியுள்ளார். ஒரு பாசறையைச் சுமந்து செல்ல 100 யானைகள், 500 ஒட்டகங்கள், 400 வண்டிகள், 100 சுமைகாரர்கள் வேண்டியிருந்தனவாம். இரவில் வழி தவறுவோர்க்கு உதவ, நெடிய கம்பத்தின் உச்சியில் ‘ஆகாச தீபம்’ என்னும் விளக்கையும் ஏற்றினர்.

1664ஆம் ஆண்டின் இறுதியில் ஔரங்கசீப் தில்லியிலிருந்து காசுமீரத்தை நோக்கிப் புறப்பட்டபோது, உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் மற்றொரு செய்தியைத் தருகிறார். அரசருக்கு இரண்டு கூடாரத் தொகுதிகள் இருந்தன. ஒன்றில் அவர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்குமிடத்துக்கு முன்னே சென்றுவிடும். அரசர் சென்று சேரும்போது அங்கே மாளிகை ஆயத்தமாக நிற்கும். முன்னே செல்லும் அத்தொகுதிக்குப் ‘பேஷ்கானா’ என்று பெயர். அக்காலத்துக் கூடாரம் எத்தகையது என்பதை நேரில் காண விரும்புவோர், ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை அருங்காட்சியகத்திலுள்ள ‘லால் டேரா’ என்னும் செந்நிறக் கூடாரத்தைக் காணலாம். அது பதினேழாம் நூற்றாண்டுக்குரியது.

பின்னர் வந்த வெள்ளையரும் இவ்வழியையே பின்பற்றினர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜுக்கு நடந்த தில்லி தர்பாரின்போது நகருக்கு வடக்கே ஒரு கூடார நகரமே எழுந்தது. 1909இல் அமெரிக்கத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற தியோடர் ரூசுவெல்ட், இருநூற்றுக்கு மேற்பட்ட சுமைகாரர்களுடன் கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் சென்றார். அவரும் அவர் மகனுமாக வீழ்த்திய விலங்குகள் ஐந்நூற்றுக்கு மேல். ‘சஃபாரி’ என்னும் சுவாகிலிச் சொல் உலகெங்கும் பரவியது அக்காலத்தில்தான். பயணம் என்பதே அச்சொல்லின் பொருள்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். கூடாரம் எளிமையின் சின்னம் என்று நாம் கருதுகிறோம். ஆனால் ஒருவர் வசதியோடு கூடாரத்தில் வாழப் பலர் சுமக்க வேண்டும். வசதி காட்டில் விளைவதில்லை; யாரோ அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

இன்றைய கூடாரத்தின் அமைப்பு

இக்காலக் கூடாரத்தின் அமைப்பையும் சிறிது அறிந்துகொள்வோம். நல்ல கூடாரத்துக்குக் கூரை இரண்டு. மேற்கூரை வெயிலைத் தாங்கும். கீழ்க்கூரை உள்ளறையை மூடும். இடையிலுள்ள வெளியில் காற்று ஓடிக்கொண்டிருப்பதால், மேற்கூரை பெற்ற வெப்பம் முழுதும் உள்ளே இறங்குவதில்லை. கித்தான் துணி நனைந்தால் நூல் உப்பி இழைகளுக்கிடையிலுள்ள துளைகள் அடைபடும். ஆதலால் மழைநீர் எளிதில் ஒழுகாது. இவை பழைய அறிவு. புதியவை எவை? மரமேடையோ கல்மேடையோ இட்ட தரை, இணைந்த குளியலறை, வெந்நீர், குளிர்சாதனம், கழிவுநீர்த் தொட்டி என்பனவே. சுவர் துணியாக இருந்தாலும், நிலத்துக்கடியில் குழாயும் தொட்டியும் வந்த பிறகு அதனைக் கூடாரம் என்பதா, கட்டடம் என்பதா? சட்டமும் சூழலறிவும் இன்று தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

ஜவாயில் கண்டவை

நிலவியல் மாணவன் என்ற முறையில், பேராசிரியர் ஒருவருடன் இராசத்தானின் பாலி மாவட்டத்திலுள்ள ஜவாய்ப் பகுதிக்குச் சென்ற குளிர்காலத்தில் போயிருந்தேன். தில்லியிலிருந்து அகமதாபாத் செல்லும் இருப்புப் பாதையில் ஜவாய் பந்த் என்றொரு நிலையம் உண்டு. ஜோத்பூர் மன்னர் உமைத் சிங் காலத்தில் 1946இல் தொடங்கி 1957இல் முடிந்த அணையால் அப்பெயர் பெற்றது. அணையைச் சுற்றிலும் மொட்டையான கருங்கற் குன்றுகள்; அக்குன்றுகளின் முழைகளில் சிறுத்தைகள்; அடிவாரத்தில் செந்தலைப்பாகை கட்டிய ரபாரி ஆயர்களும் அவர்தம் ஆடுமாடுகளும். குன்றின் மேலுள்ள கோயிற் படியில் மாலை வேளையில் சிறுத்தை படுத்திருக்கும். பூசாரி தம் வழியே இறங்கிப் போவார். ஆடுமாடுகளைச் சிறுத்தை கவர்வது உண்டு. மனிதரைத் தாக்குவது அரிது. 2013இல் இப்பகுதியின் ஒரு பாகம் சிறுத்தைப் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

இக்குன்றுகளிடையேதான் இன்று இன்பப் பாசறைகள் பல எழுந்துள்ளன. சிலவற்றில் ஓரிரவு வாடகை, நம் விடுதி மாணவர் ஒருவரின் பல திங்கள் உணவுச் செலவுக்கு ஈடாகும். நாங்கள் சிற்றூரில் தங்கியிருந்தோம். ஒரு பாசறையைச் சுற்றிப்பார்க்க மட்டும் இசைவு கிடைத்தது. அங்கே வழிகாட்டியாக இருந்தவர் ஓர் ஆயர்குல இளைஞர். தம் தந்தைக்குத் தெரிந்த சிறுத்தைத் தடங்களே தமக்குச் சோறு போடுகின்றன என்று அவர் பெருமையுடன் கூறினார். எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அன்றிரவு வேறொரு காட்சியையும் கண்டேன். ஒரே குன்றின்முன் ஊர்திகள் ஐந்தாறு வந்து நின்றன. ஒளிக்கற்றைகள் பாறை முழுதும் துழாவின. முழையின் வாயிலில் ஒரு தாய்ச்சிறுத்தை எழுந்து, தன் குட்டியுடன் உள்ளே திரும்பிவிட்டது. அது வேட்டைக்குப் புறப்படும் வேளை. அன்றைய இரை அதற்குக் கிட்டியதோ இல்லையோ, யாரறிவார்!

சீகூரில் நடந்தவை

இனி என் ஊருக்கு வருகிறேன். மசினகுடி அமைந்துள்ள சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கும் இடையே யானைகள் சென்று வரும் வழி. ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் 100 லிட்டருக்குக் குறையாத நீரும் வேண்டும். ஓரிடத்திலேயே நின்றால் அவ்விடம் அழியும், யானையும் அழியும். அதனால்தான் அது நடந்துகொண்டே இருக்கிறது. நடப்பது அதற்கு வாழ்வு.

அவ்வழியில் விடுதிகள் பெருகின; மின்வேலிகள் பெருகின. 2010இல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி விடுதிகள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழித்தடத்தை உறுதி செய்து, உரிமையாளர்களின் முறையீடுகளைக் கேட்க ஒரு குழுவையும் அமைத்தது.

விடுதிகள் பூட்டப்பட்ட அந்த ஆகஸ்டில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். என் சித்தப்பா அவ்விடுதிகளுள் ஒன்றில் சமையற்காரர். பூட்டிய அன்று மாலை, கரண்டிகளையும் தம் கத்தியையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு திங்கள் சம்பளம் பாக்கி. அஃது இன்றுவரை வந்து சேரவில்லை. அவ்வாண்டு என் தங்கையின் பள்ளிக் கட்டணத்தை அவரால் கட்ட இயலவில்லை. யானை மேல் எனக்கு அப்போது சினமே இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அச்சினத்தை மாற்றியது 2021 ஜனவரி. எங்கள் ஊரில் விடுதியருகே வந்த ஓர் ஆண் யானையின் மீது எரியும் டயரை எறிந்தனர். தீப்புண்பட்ட அந்த யானை இறந்தது. அதே திங்களில் வயநாட்டு மேப்பாடியருகே விடுதிக் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரை யானை கொன்றது. ஓரிடத்தில் மனிதன் யானையைக் கொன்றான். மற்றோரிடத்தில் யானை மனிதரைக் கொன்றது. இரண்டுக்கும் வேர் ஒன்றே: கூடாது என்ற இடத்தில் தங்கும் இடம்.

உரைத்துப் பார்க்கும் கல்

அப்படியாயின் காட்டிடைப் பாசறையே வேண்டா என்பதா? அவ்வாறு கூற எனக்கு மனம் வரவில்லை. காட்டைக் காணாதவன் காட்டைக் காக்க முன்வரமாட்டான். ஜவாய் இளைஞரின் பெருமையும் பொய்யன்று. புலிகள் காப்பகங்களுக்கென 2012இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளும் காண்பதைத் தடுக்கவில்லை. உள்வட்டக் காட்டில் புதிய தங்குமிடம் கூடாது என்றும், அதன் பரப்பில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறத்தல் ஆகாது என்றும் அளவே வகுத்தன. எனவே தேவை அளவறிதல். என் சிற்றறிவுக்கு எட்டிய வினாக்கள் ஐந்து.

முதலாவது, பாசறை விலங்கின் வழியிலோ நீர்த்துறையிலோ நிற்கிறதா? நிற்குமாயின் மற்ற நான்கையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, அதனைப் பெயர்த்து எடுத்தால் அடுத்த மழைக்குப்பின் அந்நிலம் பழைய நிலமாகுமா? ஆகாதெனில் அது துணி போர்த்த கட்டடம். மூன்றாவது, அதன் நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? நான்காவது, இரவில் அங்கே எவ்வளவு விளக்கு, எவ்வளவு ஓசை? ஐந்தாவது, அவ்வூரார் அங்கே ஏவல் செய்வோர் மட்டுமா, சொல்லுரிமையும் உடையவரா? கூலி மட்டும் பெறுபவரே, கதவு பூட்டப்படும் நாளில் முதலில் தெருவுக்கு வருபவர். இதற்கு என் சித்தப்பாவே சான்று.

அவர் இப்போது கூடலூரில் ஓர் உணவுக்கடையில் வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் அவரிடம், “அந்த விடுதியைத் திறந்தா மறுபடி போவீங்களா, சித்தப்பா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சமையக்கட்டுக்குப் பின்னால ராத்திரி ராத்திரி ஒரு பெரிய ஆனை வந்து நிக்கும்டா. வேலிகிட்ட வந்து நின்னு பாத்துட்டுத் திரும்பிடும். அது போற வழியில நாங்க அடுப்பு வெச்சிருந்தோம். சம்பளத்தைக் குடுத்துட்டு மூடியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

அவர் கூறியதில் நியாயங்கள் இரண்டு உள்ளன. யானைக்கு வழி வேண்டும். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் முறையன்று.

இனி, நண்பர் கேட்ட சொல்லுக்கு வருகிறேன். ‘இன்பப் பாசறை’ என்னும் பெயரை நான் முன்வைக்கிறேன். பாசறை என்னும் சொல்லோடு முல்லைப்பாட்டின் மன்னனும் நம் நினைவுக்கு வருவான். காட்டை அழித்துத்தான் அவனும் கூடாரம் அமைத்தான். ஆயினும் தன் பொருட்டுத் துன்புற்ற யானைகளையும் ஆட்களையும் எண்ணி உறங்காதிருந்தான். காட்டில் பாசறை அமைப்போரும், அதிற் சென்று தங்குவோரும், ஓரிரவேனும் அவனைப்போல் விழித்திருந்து எண்ணிப் பார்ப்பார்களாக. இதனினும் நல்ல சொல் நண்பர்கள் எவர்க்கேனும் தோன்றுமாயின், அடுத்த கூட்டத்தில் கேட்க ஆவலுடன் இருக்கிறேன்.