இடம் தேடும் கணினி

நுழையும்முன்

வீட்டைத் தூய்மை செய்யும்போது பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போடுகிறோம். நிலப்பத்திரத்தையோ பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். இரண்டும் தாள்தான். ஆயினும் ஒன்றை விடுகிறோம், மற்றொன்றைக் காக்கிறோம். வீட்டுக் கணினியின் வன்தட்டில் இடம் குறையும்போதும் இவ்வாறு பிரித்தறியும் திறன் வேண்டும். அதனை வளர்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. வன்தட்டை நிரப்புபவை எவை?

கணினி, எழுத்து, ஒலி, படம் ஆகிய அனைத்தையும் எண்களாக மாற்றியே சேமிக்கிறது. அச்சேமிப்பை அளக்கும் அலகு பைட்டு. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு இடம் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவு செய்கிறது. எனவே அச்சொல்லுக்கு 15 பைட்டு வேண்டும். இவ்வாறு கணக்கிட்டால், 1330 குறட்பாக்களும் சேர்ந்து ஒரு மெகாபைட்டில் பாதிகூட ஆகா. கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமோ பெரும்பாலும் 2 மெகாபைட்டைத் தாண்டிவிடும். காணொலி அதனினும் பன்மடங்கு இடம் கொள்ளும். நாம் எழுதும் கட்டுரைகளால் வன்தட்டு நிறைவதில்லை. படங்களும் காணொலிகளும் பெரிய மென்பொருள்களுமே அதனை நிரப்புகின்றன.

1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனம் தன் ராமாக் கணினியுடன் வெளியிட்ட வன்தட்டு அலகில் 50 தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அவ்வலகு 50 இலட்சம் எழுத்துகளையே சேமித்தது. இன்றைய நிழற்படங்கள் இரண்டு மூன்றை வைத்தாலே அது நிறைந்துவிடும். கொள்ளளவு வளர வளர, நாம் சேர்க்கும் கோப்புகளும் வளர்கின்றன. ஆகவே இடப்பற்றாக்குறை இன்னும் தீரவில்லை.

தெரிந்து தெளிவோம்

256 கிகாபைட்டு என்று விற்கப்படும் தட்டினை விண்டோஸ் ஏறத்தாழ 238 கிகாபைட்டு என்று காட்டும். தட்டு பழுதுபட்டது என்று எண்ண வேண்டா. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அளவு ஒன்றே, கணக்கிடும் முறைதான் வேறு.

2. நான்கு வகைக் கோப்புகள்

இடத்தை விடுவிக்க முற்படுவோர் பெரும்பாலும், “எது பெரியது?” என்றே முதலில் பார்க்கின்றனர். அதற்கு முன்னர், “இதனை அழித்தால் மீண்டும் கிடைக்குமா?” என்று கேட்க வேண்டும். இக்கேள்வியைக் கொண்டு கோப்புகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கணினி தானே உருவாக்கிக்கொண்டவை. தற்காலிகக் கோப்புகள், உலாவி சேர்த்துவைத்த பக்கங்கள், இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டபின் எஞ்சியவை ஆகியன இவ்வகையின. வேண்டும்போது கணினி இவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். அல்லது இவற்றுக்குத் தேவையே இராது. விண்டோஸ் கணினியில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ என்னும் வரிசையில் சென்றால், எவ்வகைக் கோப்புகள் எவ்வளவு இடம் கொண்டுள்ளன என்பதைக் காணலாம். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். ஆனால் அப்பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் பதிவிறக்கக் கோப்புறையும் இடம்பெறலாம். பள்ளிச் சான்றிதழும் கட்டண இரசீதும் அக்கோப்புறையிலேயே கிடக்கக்கூடும். ஆதலால் திறந்து பார்த்த பின்னரே அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் வகை, வெளியிலிருந்து மீண்டும் பெறக்கூடியவை. பயன்படுத்தாத விளையாட்டுகள், மென்பொருளை நிறுவியபின் எஞ்சிய கோப்புகள், இணையத்தில் எப்போதும் கிடைக்கும் பாடநூல்கள் ஆகியன இதில் அடங்கும். மென்பொருளை நீக்கும்போது அதன் கோப்புறையை மட்டும் அழித்தல் கூடாது. செட்டிங்ஸ் பகுதியிலுள்ள செயலிகளின் பட்டியல் வழியாகவே முறைப்படி நீக்க வேண்டும். ‘விண்டோஸ்’ என்னும் பெயருடைய கோப்புறையில் நாமாக எதனையும் அழித்தல் கூடாது. அழித்தால் கணினி இயங்காமலே போகலாம்.

மூன்றாம் வகை, இரட்டித்தவை. ஒரே திருமணப் படம் கைப்பேசியிலிருந்து ஒருமுறையும், வாட்ஸ்அப் வழியாக ஒருமுறையும், பென் டிரைவிலிருந்து ஒருமுறையும் கணினிக்கு வந்திருக்கும். இவற்றுள் தெளிவான ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கலாம். வாட்ஸ்அப் வழியாக வரும் படம் பொதுவாகச் சுருக்கப்பட்டிருக்கும் என்பதனை நினைவிற்கொண்டு, மூலப்படத்தையே காக்க வேண்டும்.

நான்காம் வகை, உலகில் ஒரே ஒரு படியாக இருப்பவை. இவற்றை, எவ்வளவு பெரியவையாயினும், இடத்திற்காக அழித்தல் தகாது.

3. ஒரு வீட்டில் ஒரு மாலை

ஆனேக்கலில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகள் மறுநாள் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டத்தைச் சேமிக்க முயல்கிறாள். இடம் இல்லை என்று கணினி அறிவிக்கிறது. அவள் கோப்புகளை அளவின்படி வரிசைப்படுத்துகிறாள். முதலிடத்தில் ஒரு திரைப்படம். இரண்டாம் இடத்தில், மறைந்த பாட்டி தாலாட்டுப் பாடிய காணொலி. மூன்றாம் இடத்தில், ஹுஸ்கூர் மத்தூரம்மன் தேர்த்திருவிழாவில் தந்தை எடுத்த காணொலி. அளவு மட்டுமே அளவுகோல் எனில் மூன்றும் ஒருங்கே அழியும். “மீண்டும் கிடைக்குமா?” என்று கேட்டால் திரைப்படம் மட்டுமே நீங்கும். அன்றைய தேவைக்கு அவ்விடமே போதும். தாலாட்டும் தேரும் வேறொரு தட்டிற்கு நகலெடுக்கப்படும் வரை இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

விரைவாகச் செயல்பட வேண்டிய வேளையில்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. எனவே தட்டு முழுதும் நிறையும் வரை காத்திராமல், மாதம் ஒருமுறை இப்பணியைச் செய்துவிடுதல் நன்று.

4. அழித்தபின் நிகழ்வது

அழித்த கோப்பு முதலில் மீள்சுழற்சித் தொட்டிக்குச் செல்லும். அங்குள்ளவரை அது பழைய அளவிலேயே இடம் கொண்டிருக்கும். தொட்டியைக் காலி செய்த பின்னரே இடம் கிடைக்கும். காலி செய்தபின்னும், சுழலும் தட்டுடைய பழைய வகைச் சாதனங்களில் கோப்பின் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை. நூலகத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை நீக்கினாலும் நூல் அலமாரியில் இருப்பது போன்றது அது. வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும்போதே பழையது மறையும். ஆகவே தவறுதலாக எதையேனும் அழித்துவிட்டால், கணினியில் மேற்கொண்டு எதையும் சேமிக்காமல் அறிந்தவரின் உதவியை நாட வேண்டும். எஸ்எஸ்டி வகைச் சாதனங்களில் அழிந்த இடம் விரைவில் துடைக்கப்படுவதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. கணினியிலுள்ள கோப்புறை இணையச் சேமிப்புடன் ஒத்திசைக்கப்பட்டிருந்தால், இங்கு அழிப்பது அங்கும் அழியும். அதனைத் தனிப்பட்ட காப்பு நகல் என்று நம்பிவிடல் ஆகாது.

5. இரண்டு நிகழ்வுகள்

1969ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மனிதன் முதன்முதலாக நிலவில் நடந்த காட்சி, தொலைக்காட்சிக்கு ஏற்ப மாற்றப்பட்டே உலகெங்கும் ஒளிபரப்பானது. அம்மாற்றத்தில் தெளிவு குறைந்தது. நிலவிலிருந்து வந்த தெளிவான மூலக்காட்சி காந்த நாடாக்களில் தனியே பதிவாகியிருந்தது. பின்னாளில் அந்நாடாக்கள் தேடப்பட்டன, கிடைக்கவில்லை. பிற நாடாக்களோடு சேர்த்து அவையும் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு நாசா தெரிவித்தது. ஒளிபரப்பான படிகள் எஞ்சியதால் அக்காட்சியை இன்றும் காண்கிறோம்; மூலத்தின் தெளிவையோ இழந்துவிட்டோம்.

1998ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான ஓர் ஆணையால் அப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அலுவலகத்தின் காப்பு நகல்களும் சரியாக இயங்கவில்லை. குழந்தை பிறந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சூஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அதனைக் கொண்டே பணி மீண்டும் தொடர்ந்தது.

முதல் நிகழ்வில் மூலத்திற்கு வேறு படி இல்லை. இரண்டாவதில் வேறோர் இடத்தில் ஒரு படி இருந்தது. ஒரே படியாக உள்ள கோப்பினை வெளித்தட்டு ஒன்றிலும், உறவினர் வீட்டுக் கணினி அல்லது இணையச் சேமிப்பிலும் என இரண்டு இடங்களில் நகலெடுக்க வேண்டும். நகலைத் திறந்து சரிபார்த்த பின்னரே வீட்டுக் கணினியிலுள்ளதை நீக்கலாம். அப்போது இடமும் கிடைக்கும், இழப்பும் நேராது.

சொற்பொருள்

வன்தட்டு – கணினியின் நிலையான சேமிப்புச் சாதனம்
கோப்புறை – கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்
காப்பு நகல் – இழப்பு நேராதிருக்க எடுத்துவைக்கும் படி
ஒத்திசைவு – இரண்டு இடங்களிலுள்ள கோப்புகள் ஒன்றுபோல் மாறுதல்

மதிப்பீடு

அ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 256 கிகாபைட்டுத் தட்டினை விண்டோஸ் குறைவாகக் காட்டுவது ஏன்?
2. மீள்சுழற்சித் தொட்டியைக் காலி செய்யாதவரை இடம் கிடைக்காதது ஏன்?

ஆ) கணக்கிடுக.
‘நிலவு’ என்னும் சொல்லைக் கணினி எத்தனை குறியீடுகளாகப் பிரிக்கும்? அதற்கு எத்தனை பைட்டு வேண்டும்?

இ) பிரித்து எழுதுக.
பெயர்ப்பட்டியல், அவ்வலகு, அந்நாடாக்கள்

ஈ) சிந்தித்து எழுதுக.
உங்கள் வீட்டுக் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள பத்துக் கோப்புகளை நான்கு வகைகளாகப் பிரித்துப் பட்டியலிடுக. நான்காம் வகையில் அடங்குவனவற்றுள் ஒன்றை ஏன் காக்க வேண்டும் என்பதனை, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பத்தியில் எழுதுக.