பழைய டோப்போ ஷீட்டைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு

பெட்டமுகிலாளம் மலைக்கிராமங்களின் பழைய வரைபடங்களைத் தேடிப் படிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி வேலைக்கு அலைகிற வயதில் மலையைப் பற்றிக் கேட்கிறீர்களே என்று மனசு நிறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், டோப்போ ஷீட்டின், அதாவது நிலக்கிடப்பு வரைபடத்தின், எண்ணைப் பிடியுங்கள். இந்திய நில அளவைத் துறையின் கணக்கில் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் 57 எச்/14. அதற்கு நேர் தெற்கே, மலை ஏறும் பக்கம் 57 எச்/15. அஞ்செட்டி 57 எச்/11. கிருஷ்ணகிரி நகரம் 57 எல்/2. எச், எல் இரண்டையும் பிரிக்கிற 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை சூளகிரியை ஒட்டிப் போகிறது. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த புதிய வரிசையில் 57 எச்/14க்கு டி43எக்ஸ்14 என்று பெயர். மாவட்டம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இன்னொன்று: அதே 78 டிகிரிக் கோட்டில்தான் யூடிஎம் கட்டத்தின் 43ஆம் மண்டலம் முடிந்து 44ஆம் மண்டலம் தொடங்குகிறது.

2. படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் படியுங்கள். அச்சான வருஷம் வேறு, ஆட்கள் வந்து அளந்த வருஷம் வேறு. நமக்கு வேண்டியது அளந்த வருஷம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய ஷீட்டில் சம உயரக் கோடுகள் பொதுவாக 50 அடிக்கு ஒன்று. மெட்ரிக்குக்கு மாறி 1:50,000 ஆன பிறகு 20 மீட்டருக்கு ஒன்று. இதைக் கவனிக்காமல் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையதில் மலை செங்குத்தாகத் தெரியும்.

ஓரம் கிழிந்துபோன ஷீட் கிடைத்தால் மாவட்டப் பெயரைப் பாருங்கள். சேலம் என்றிருந்தால் 1965 அக்டோபர் 2க்கு முந்தியது, தருமபுரி என்றிருந்தால் 2004 பிப்ரவரி 9க்கு முந்தியது. தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணையின் நீலம் இல்லையா? அந்த நிலத்தை 1950களின் கடைசிக்கு முன்பே அளந்துவிட்டார்கள். மேற்கு எல்லைக்கு அப்பால் மைசூர் என்றிருக்கிறதா, கர்நாடகம் என்றிருக்கிறதா என்பதும் காலம் சொல்லும்.

3. அளக்க வந்தவர் எதற்காக வந்தார் என்று கேளுங்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தது வரி போட. ஓசூர்ப் பக்கம் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த வருஷமே பெங்களூர் அருகில் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்தார். 1802இல் பரங்கிமலை அருகில் தொடங்கிய பெரிய முக்கோண அளவைக்கு வேண்டியிருந்தது தூரத்திலிருந்து தெரிகிற மலை உச்சி. உச்சிக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது அவர்கள் வேலையில் சேராது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்ததும் காப்புக்காட்டு எல்லை முக்கியமானது. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் குறித்துக்கொண்டு போனார்கள்.

4. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஷீட்டின் அடியில் குறியீட்டுப் பட்டியல் இருக்கும். அதில் குடிசைக்கு இரண்டு குறிகள்: நிரந்தரமானது, தற்காலிகமானது. சிவப்புச் சதுரம் போட்டால் நிரந்தரம். புல் வேய்ந்த வீடு, மூங்கில் தட்டி, மண் பூச்சு என்று இருந்தால் தற்காலிகக் குறிக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். அந்தக் குடும்பம் தாத்தன் காலத்திலிருந்து அதே பாறையடியில் இருந்தாலும், அளக்க வந்தவர் பார்த்தது கூரையைத்தான்.

ஆகவே இந்த மலையில் வாழும் இருளர் பழங்குடியினரின் குடியிருப்பைத் தேடும்போது சிவப்பை மட்டும் தேடாதீர்கள். பச்சைக் காட்டுக்குள் சின்னதாக ஒரு மஞ்சள் திட்டு இருந்தால் அங்கே யாரோ விதைத்திருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையின் விட்டுவிட்டுப் போகும் கோடு மலைச்சரிவில் ஏறிச் சட்டென்று நின்றால், அது நிற்கிற இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காரணம் இல்லாமல் பாதை விழாது. பக்கத்தில் ஓடை, ஊற்று, கோயில் என்று ஏதாவது இருக்கும். ஒன்றுமே இல்லையென்றாலும் ஆள் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

5. பட்டாத் தகராறுக்கு டோப்போ ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்குக் கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு, அடங்கல் எல்லாம் தனியாக இருக்கின்றன.

6. காட்டுக்குள் வாழ்கிறவர்களுக்கோ இந்த ஷீட் பெரிய துணை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 13ஆம் விதி எதையெல்லாம் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசைப்படுத்துகிறது. அரசு வரைபடம் அதில் இருக்கிறது. உரிமை கேட்பவர் அல்லாத ஒரு பெரியவர் சொல்லி, எழுதி வாங்கிய வாக்குமூலமும் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைக் கிராம சபை பார்க்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. பழைய ஷீட்டில் ஒரு பாதை, அந்தப் பாதையின் கடைசியில் யார் இருந்தார்கள் என்று சொல்லும் ஒரு பாட்டியின் பேச்சு: இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் பலம். 2005 டிசம்பர் 13க்கு முன்பே அங்கே இருந்ததைப் பழங்குடியினர் காட்ட வேண்டும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் காட்ட வேண்டும். பழைய ஷீட் இல்லாமல் மற்றவர்கள் பாடு மிகவும் கஷ்டம்.

7. கிடைக்கும் இடங்கள்: புதிய ஷீட்களை நில அளவைத் துறை இணையத்தில் தருகிறது. பழைய ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு போட்ட 1:250,000 வரிசையை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கிறது. குடிசை தேட அது உதவாது, மலையின் கிடப்பைப் புரிந்துகொள்ள உதவும்.

8. போனில் வருகிற இடப்புள்ளியைப் பழைய ஷீட்டின் கட்டத்தில் அப்படியே வைக்காதீர்கள். பழையவை எவரெஸ்ட் கோளவுருவை வைத்து வரைந்தவை. போன் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில். மாற்றாமல் வைத்தால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். மலையில் அது ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா, காப்புக்காட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்கிற வித்தியாசம்.

9. மேலே போகும்போது ஷீட்டின் பெரிய நகல் ஒன்று எடுத்துப் போங்கள். வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள், யானை நடமாட்டம் உள்ள காடு. நகலைத் திண்ணையில் விரித்து, வடக்கைச் சரியாகத் திருப்பி வைத்து, முதலில் ஓடைகளை ஊர்க்காரர்களுக்கு விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஓடை பிடிபட்டால் மற்றதெல்லாம் அவர்களே சொல்வார்கள். கன்னடத்தில் சொன்னால் கன்னடத்தில், தெலுங்கில் சொன்னால் தெலுங்கில், அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். அச்சில் இருக்கிற பெயரைக் காட்டி இதுதானே என்று திருத்த வேண்டாம். சொன்னவர் பெயரும் தேதியும் கீழே இருக்கட்டும். எழுதி முடித்த நகலில் ஒன்றை அந்த ஊர் வன உரிமைக் குழுவிடம் கொடுத்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு அடுத்த நகலை வைத்துக்கொள்ளலாம்.