அலுமாரியில கிடக்கிற கிளாரினட்டை எடுங்க

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ராத்தா இந்த முறை சமையல் குறிப்பு எழுதல்ல.

கல்முனையில இருந்து அக்கரைப்பற்று, சாகாமம் வரைக்கும் பள்ளிக்கூட பாண்ட் குழுவில நிண்ட புள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறீங்க. விளையாட்டுப் போட்டிக்கும் சுதந்திர தினத்துக்கும் வெள்ளைச் சப்பாத்தோட வெயில்ல நிண்டு வாசிச்சீங்க. ஓ.எல். வந்ததும் டியூசன், பிறகு வேலை, கலியாணம், வெளிநாடு. பள்ளிக்கூடத்து வாத்தியம் பள்ளிக்கூடத்துக்கே போயிற்று. சொந்தமா வாங்கினவங்கட வீட்டில அது அலுமாரிக்கு மேல கிடக்கு. அப்படி 4, 5 கிளாரினட் ஒரு ஊருக்குள்ள இருந்தா ஒரு குழுவுக்குப் போதும். மேடை, சீருடை, பெயர்ப்பலகை ஒண்டும் முதல்ல வேணாம்.

நியூயோர்க் பில்ஹார்மோனிக்கில முதல் கிளாரினட் வாசிச்ச சிமியோன் பெலிசன் 1927ல 8 பேரோட ஒரு கிளாரினட் குழு தொடங்கினார். 1938ல அது 75 பேராகிற்று. நமக்கு 75 வேணாம். 8 பேர் கிடைச்சாலே உம்மாமார் தேத்தண்ணி ஊத்திக் களைச்சுப் போவாங்க.

ராத்தா சொல்ல வாறது ஒண்டுதான். குழுவில ஆகக் குறைவா வாசிக்கிற ஆள் யாரோ, அவரை வச்சு எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணுங்க. நம்ம பாண்ட் குழுக்கள்ல நடக்கிறது இதுக்கு நேர்மாறு. நல்லா வாசிக்கிற ரெண்டு பேர் மெட்டை எடுத்துக்கொண்டு போவாங்க, மற்றவங்க பின்னால முணுமுணுப்பாங்க. ரெண்டு மாசத்தில அந்த முணுமுணுத்த ஆக்கள் வரமாட்டாங்க. குழு உடையிறது அங்கதான்.

இதுக்கு வாத்தியமே ஒரு வழி வச்சிருக்கு. பள்ளிக்கூடத்தில ரெக்கோடர் வாசிச்சிருப்பீங்க. அதில பெலமா ஊதினா அதே சுரம் ஒரு ஸ்தாயி மேல கேட்கும். கிளாரினட் அப்படியில்ல. இடது பெருவிரலுக்கு மேல இருக்கிற சாவியைத் திறந்தா 12 ஆவது சுரத்துக்குத் தாவும். அதனால கீழ ஒரு விரலமைப்பு, மேல வேற ஒண்டு. நடுவில பி பிளாட்டில இருந்து பி-க்குப் போற இடத்தில, கிட்டத்தட்ட திறந்து கிடந்த விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில மூட வேணும். கீச்சுச் சத்தம் வாறது அந்த இடத்திலதான். புதுசா வாறவருக்கு அந்தத் தாண்டலே வராத பகுதியைக் குடுங்க. கீழ் ஈ-யில இருந்து நடு பி பிளாட் வரைக்கும் ஒண்டரை ஸ்தாயி இருக்கு. ஒரு பாட்டுக்கு அடித்தளம் போட அது தாராளம். கேட்கிறவருக்குக் குழுவின்ட கனம் அந்தக் கீழ்ச் சத்தத்திலதான் தெரியும். பேஸ் கிளாரினட் வாங்கக் காசில்லையே எண்டு கவலைப்படவும் தேவையில்ல.

நல்லா வாசிக்கிற எல்லாரையும் ஒரே பக்கம் இருத்தாதீங்க. மூணு பகுதியா பிரிச்சா, ஒவ்வொரு பகுதியிலயும் ஒரு தேறின ஆள் இருக்கட்டும். கதிரையை அரைவட்டமாப் போடுங்க, ஒராள் மற்றாளின்ட விரலைப் பார்க்கக் கூடிய மாதிரி. நீண்ட சுரம் வந்தா எல்லாரும் ஒரே நேரத்தில மூச்செடுக்க வேணாம். யார் எங்க எடுக்கிறது எண்டு பேசி, பென்சிலால கொப்பியில குறிச்சுக்கொள்ளுங்க. பேனையால குறிக்காதீங்க, மூணு தரம் மாத்துவீங்க.

வேகம்? ஆகக் குறைவா வாசிக்கிறவர் பிழையில்லாம வாசிக்கிற வேகம்தான் அண்டைய வேகம். போனில மெட்ரோனோம் இருக்கு, நிமிசத்துக்கு 60 அடியில தொடங்குங்க. நம்ம பொல்லடிக்காரரைப் பாருங்க. அண்ணாவியார் முதல்ல ஆறுதலாத் தொடங்கி, எல்லார்ட பொல்லும் ஒரே சத்தமாக் கேட்ட பிறகுதான் கடுகதிக்குப் போவார். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்தில றபான் அடிக்கிற பாவாமாரும் ஒருத்தர்ட கையை ஒருத்தர் பார்த்துத்தான் அடிப்பாங்க. சேர்ந்து வாசிக்கிற கலை நம்ம கரைக்குப் புதுசில்ல, வாத்தியம்தான் புதுசு.

இனி சுருதி. நம்மட பின்னேர வெக்கைக்கு வாத்தியம் சூடாகி சுருதி ஏறும். தொடங்கி உடனே சுருதி பார்க்காதீங்க, 10 நிமிசம் ஊதின பிறகு பாருங்க. ரெண்டு பேர் ஒரே சுரத்தை மெதுவா ஊதினா, சுருதி விலகி இருக்கக்க சத்தம் அலை அலையா அதிரும். கிட்ட வர வர அந்த அதிர்வு ஆறுதலாகி நிண்டு போகும். மௌத்பீசுக்குக் கீழ இருக்கிற பெரல் துண்டைக் கொஞ்சம் வெளிய இழுத்தா சுருதி இறங்கும். போன் செயலியைப் பார்த்துச் சரி பண்ணுறதை விட, காதால அந்த அதிர்வைப் பிடிக்கப் பழகுங்க. கீபோட் வாசிக்கிற ஒரு தம்பி சேர வந்தா முதல் நாளே சொல்லி வையுங்க: நம்மட பி பிளாட் கிளாரினட்டில சி வாசிச்சா, அவருக்குக் கேட்கிறது பி பிளாட். கிளாரினட்காரர் ஒரு முழுச் சுரம் மேல வாசிச்சாத்தான் ரெண்டும் பொருந்தும். இதைச் சொல்லாம விட்டா முதல் நாளே ஒருத்தர் மற்றவரைப் பிழை சொல்லிக்கொண்டு நிற்பாங்க.

ரீட் விசயத்தில கஞ்சத்தனம் வேணாம். தொடக்கத்துக்கு 2 அல்லது 2½ நம்பர். ஒண்டையே தேய்ச்சு முடிக்காம, மூணு நாலை மாத்தி மாத்திப் பாவியுங்க. நுனி உடைஞ்ச ரீட்டோட ஊதிப்போட்டு "எனக்கு வராது" எண்டு சொன்ன புள்ளைகள் அதிகம். மௌத்பீஸ் ஆளுக்கொண்டு சொந்தமா இருக்க வேணும். கழுவுறது இளஞ்சூட்டுத் தண்ணியில, கொதிதண்ணி பட்டா கறுப்பு எபனைட் நிறம் மாறும், வளைஞ்சும் போகும்.

கடல் காத்து நம்மட பெரிய எதிரி. சாவிக்குக் கீழ இருக்கிற ஊசிச் சுருள்கள் உருக்கு, உப்புக் காத்தில துருப் பிடிச்சு ஒரு நாள் டக்கெண்டு உடையும். வாசிச்சு முடிஞ்சதும் உள்ளுக்குத் துணி இழுத்து ஈரம் எடுத்து, சாவிகளைக் காய்ஞ்ச துணியால துடைச்சுப் பெட்டியை மூடுங்க. இறுகின சாவிக்குத் தேங்காய் எண்ணெய் போடவே கூடாது, கொஞ்ச நாள்ல பிசினாகி ஒட்டிக்கொள்ளும். புதுசா வாங்குற ஆக்கள் மர வாத்தியத்தில ஆசைப்படாதீங்க. ஏபிஎஸ் பிளாஸ்டிக் நம்மட காலநிலைக்கு நல்லா நிக்கும், மரம் போல வெடிக்காது.

என்ன வாசிக்கிறது? தேசிய கீதமும் பள்ளிக் கீதமும் எல்லாருக்கும் மனப்பாடம், அதில தொடங்குங்க. கிளாரினட் அணிநடைக்கு மட்டும்தான் எண்டு நினைச்சா ஏ.கே.சி. நடராஜன் வாசிச்சதைத் தேடிக் கேளுங்க. திருச்சிக்காரர், நாதஸ்வரம் படிச்சவர், கிளாரினட்டில கர்நாடக இசையைத் தனிக் கச்சேரியா வாசிச்சு 2008ல சங்கீத கலாநிதி, 2022ல பத்மஸ்ரீ வாங்கினவர். அவருக்கு முந்தியே சதிர் எண்ட பழைய பரதநாட்டிய மேளத்தில கிளாரினட் இருந்தது, நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிட ஆட்டத்துக்கும் அதுதான் கூட வாசிச்சது. கேளுங்க, ஆனா நடராஜன்ட வளைவுகளைக் குழுவில அப்படியே செய்யப் போகாதீங்க. அஞ்சு பேர் அஞ்சு மாதிரி வழுக்கினா கேட்க ஏலாது. எந்தச் சுரத்தை எவ்வளவு வளைக்கிறது எண்டு ஒருத்தர் வாசிச்சுக் காட்டி, மற்றவங்க அதை முதல்ல வாயால பாடிப் பழகட்டும்.

இடமும் நேரமும் நம்ம ஊரில பெரிய விசயம். வாத்தியம் பற்றி எல்லா வீட்டிலயும் ஒரே எண்ணம் இல்ல. அதில ராத்தா ஃபத்வா சொல்லப் போறதில்ல, உங்கட உம்மா வாப்பாவோட பேசித் தீர்த்துக்கொள்ளுங்க. ஆனா அயலவரை மதிக்கிறது எல்லாருக்கும் பொது. அஸருக்குப் பிறகு தொடங்கி மஃரிப் பாங்குக்கு முன்னால பெட்டியை மூடுங்க. பக்கத்து வீட்டில மையித்து எண்டா அந்தக் கிழமையே வேணாம். தங்கச்சிமார் தனியாச் சேர்ந்து ஒரு வீட்டு விறாந்தையில வாசிக்கலாம், அதுக்கு ஆம்பிளைகள்ட குழுவுக்காகக் காத்திருக்கத் தேவையில்ல. வயல்கார வீட்டுப் புள்ளைகள் அறுவடைக்கு வரமாட்டாங்க எண்டு முதலே கணக்கில எடுங்க, வரல்லையெண்டு குறை சொல்லாதீங்க.

சாகாமக் குளக்கட்டில போய் வாசிக்க ஆசைதான். போங்க, ஆனா தாளைச் சலவைக் கிளிப்பால கவ்வுங்க, வழமையை விடக் கிட்டக்கிட்ட நில்லுங்க. காத்துக்குப் பக்கத்து ஆள்ட சத்தமே கேட்காது. பொழுது சாய முன்னால திரும்புங்க, அந்தப் பக்கம் யானை வரும்.

நோன்பு மாசம் எப்படியும் வாத்தியத்தை மூடி வைப்பீங்க. வைக்க முன்னால ரீட்டைக் கழட்டிக் காய விட்டு, கோர்க்கில கொஞ்சம் கிரீஸ் பூசி, பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற சின்னப் பொட்டலம் ஒண்டு போடுங்க. பெருநாளைக்குப் பிறகு எடுக்கக்க பூஞ்சணம் பட்ட ரீட்டை எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க. முதல் சனிக்கிழமை மூணு பேர்தான் வந்தாலும் கதிரையைப் போட்டுத் தொடங்குங்க, மற்ற ஆக்களுக்கு வாட்ஸ்அப்பில ஒரு குரல் பதிவு போகட்டும்.