கடலோர வீட்டில் மாடித்தோட்டமும் பழுது நீக்கமும்

உழவுத் தொழிலில் உள்ளோர் கொட்டகை வேய்வது, களம் மெழுகுவது, தொட்டி கட்டுவது முதலிய வேலைகளைத் தாமே செய்து பழகியவர்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து வேலையின் பொருட்டு எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய இடங்களில் குடியேறிய குடும்பங்களிடமும் இப்பழக்கம் விட்டுப்போகவில்லை. வீட்டுப் பழுதைத் தாமே நீக்குகின்றனர். மாடியில் காய்கறியும் போடுகின்றனர். கூலி மிச்சமாகிறது, வேலையும் மனத்துக்கு நிறைவாக முடிகிறது. ஆனால் கடலை ஒட்டிய வீட்டில் கைவேலை எதுவரை செல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தே இறங்குதல் வேண்டும்.

உப்பு செய்யும் கேடு

மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை 1960-களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. உப்பு நீர் பாய்ந்தால் பயிர் என்ன ஆகும் என்று அப்பகுதி உழவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே உப்புதான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் கெடுக்கிறது.

சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. கடற்காற்றிலும் உவர் நீரிலும் உள்ள குளோரைடு உப்பு கான்கிரீட்டினுள் ஊறிச் சென்று அப்படலத்தை உடைக்கிறது. பிறகு துரு பிடிக்கிறது. துரு தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் கேட்கும். ஆதலால் மேலே மூடியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக வெடிப்பு தோன்றினால் உள்ளே துரு என்று கொள்ளலாம். கடலோரக் கட்டடங்களில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பழைய வீடுகள் பலவற்றில் இதில் பாதிகூட இராது.

கான்கிரீட் கலக்கும் நீரிலும் கவனம் தேவை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள நீர் ஆகாது. பாசன நீரைச் சோதிக்கும் மண், நீர் ஆய்வுக்கூடங்களிலேயே குளோரைடு அளவையும் அறிந்துகொள்ளலாம். கடல் மணலை எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது.

கூரை எவ்வளவு தாங்கும்?

ஆட்கள் ஏறிப் புழங்குவதற்கென அமைத்த மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று கணக்கிடுவது வழக்கம். சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ ஆகிறது. படிக்கட்டு இல்லாத, ஏறாத கூரைக்கு இதில் பாதிதான். இனி மண்ணின் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர அடியில் ஓர் அடி உயரத்துக்கு மண் இட்டால் 28 லிட்டர் பிடிக்கும். நனைந்த மண் லிட்டருக்கு 1.8 கிலோ என்று வைத்தாலும் 50 கிலோ வருகிறது. அதாவது கூரைக்குக் கணக்கிட்டதைப்போல் மூன்றரை மடங்கு! செங்கல்லால் பாத்தி கட்டி மண் நிரப்பும் ஆசையை இதனால் கைவிடுதல் வேண்டும்.

தென்னை நார்க்கழிவும் மட்கிய தொழு உரமும் மிகுதியாகக் கலந்த பைகளே ஏற்றவை. ஆயினும் நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும். எனவே காய்ந்த பையை நிறுத்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். நன்றாக நீர் விட்டு, வடிந்தபின் ஒரு பையைத் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். அது 20 கிலோ என்றால், 10 அடிக்கு 10 அடி தளத்தில் 35 பைகளுக்கு மேல் வேண்டாம். அதுவே 700 கிலோ. மீதி தாங்கும் திறன் ஆட்களுக்கும் மழை நீருக்கும் விடப்படுகிறது. பைகளை நடுவில் குவிக்காமல் சுவர்களை ஒட்டி வரிசையாக வைக்கவும். இக்கணக்கு வெடிப்பில்லாத தளத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும். உவர் நீரைத் தினமும் ஊற்றினால் அது தளத்தில் இறங்கி, மேலே சொன்ன துருவுக்கு வழி செய்யும். (கடற்காற்றுப் படும் மாடியில் பீட்ரூட், பாலக்கீரை, கொத்தவரை நிற்கும், பீன்ஸ் நிற்காது.) 1000 லிட்டர் தொட்டி என்பது ஒரு டன் பாரம். அதன் இடம் பொறியாளர் காட்டும் தூண் அல்லது சுவரின் மேல்தான்.

இராயபுரத்தின் பழைய தெருக்களில் கொத்தனார்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் கூரைகள் இன்னும் உள்ளன. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக அடுக்கிய கூரை இது. கம்பி இல்லாததால் துருத் தொல்லை இல்லை. ஆனால் கட்டையின் முனை சுவருக்குள் மட்கியிருக்கலாம். இவ்வகை வீட்டில் தோட்டம் வேண்டாம் என்பதே எம் கருத்து. கூடத்தைப் பெரிதாக்க எண்ணிச் சுவரை இடிக்க முற்படுவோர் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கட்டை முனை எந்தச் சுவரில் அமர்ந்துள்ளதோ, அச்சுவர்தான் கூரையைத் தாங்குகிறது.

தாமே செய்யக்கூடியவை

மழைநீர்க் குழாய் வாயை ஐப்பசிக்கு முன் சுத்தம் செய்தல், தட்டோடுகளின் இடைவெளியை அடைத்தல், சுவரில் உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, நனைத்து, ஒன்றுக்கு ஐந்து கலவையில் பூசி ஏழு நாள் நீர் விடுதல், சுண்ணாம்பு அடித்தல் ஆகியவற்றை எவரும் செய்யலாம்.

தளத்தின் அடிப்புறத்தையும் சன்ஷேடையும் மரச்சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் உங்கள் வேலையே. கணீர் என்றால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிரிந்துவிட்டது. அங்குக் கம்பி தெரிந்தால் கரண்டியை எடுக்காதீர்கள். நானும் ஒருமுறை துருக்கம்பியின் மேல் சிமெண்டைப் பூசி அழகாக்கியவன்தான். அடுத்த மழைக்காலத்தில் சன்ஷேடின் விளிம்பு மொத்தமாக விழுந்தது. நல்ல வேளையாகக் கீழே எவரும் இல்லை. துருவை மூடினால் அது நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, தேய்ந்த கம்பியை மாற்றி அமைப்பது பதிவு பெற்ற பொறியாளர் முன்னிலையில் செய்யவேண்டிய வேலை. அவர் வரும்வரை அதனடியில் கட்டில் போட வேண்டாம். மாடியிலுள்ள பைகளையும் இறக்கிவிடவும்.

சுவரில் வெடிப்பு கண்டால், பூச்சை நீக்கி, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைக்கவும். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு வளர்கிறது என்று பொருள். திடீரெனப் புது வெடிப்பு ஓடினாலோ, கதவு நிலை இறுகினாலோ, தளத்திலிருந்து காரை கொட்டத் தொடங்கினாலோ, கண்ணாடிக்கும் காத்திருக்க நேரமில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்து விழுந்தது. வெடிப்புகளைக் கண்டதும் குடியிருந்தோர் முன்கூட்டியே வெளியேறியிருந்தமையால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.