பிள்ளைக்கு ஒரு பெரியவர்

ஒரு பிள்ளை பாடசாலையில் இருப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மணித்தியாலம். எஞ்சிய 18 மணித்தியாலமும் அப்பிள்ளை யாருடைய பார்வையில் இருக்கின்றது? வருகைப் பதிவேடு இதனை வினாவுவதில்லை. ஆசிரியர் வினாவுதல் வேண்டும்.

முன்னாளில் நம் கிராமங்களில் இதற்கு விடை எளிது. தந்தை தோட்டத்துக்குச் சென்றால் அப்பப்பா திண்ணையில் இருப்பார். தாய் நோயுற்றாற் பெரியம்மா சோறூட்டுவார். பொழுதுபட்டபின் சந்தியில் நிற்கும் பையனை, அவன் யார் மகனென்று அறிந்த எவரும் வீட்டுக்கு அனுப்புவர். 2009இல் முடிவுற்ற போரும், இடப்பெயர்வும், புலம்பெயர்வும் இவ்வேலியைப் பலவிடத்தும் பிரித்துவிட்டன. மாமன்மார் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பணம் அனுப்புகின்றனர். சந்தியில் வந்து நிற்க அவர்களால் இயலுமோ?

வேலி பிரிந்தவிடத்துப் பிள்ளை கெட்டே போகும் என்பது நியதியன்று. ஹவாய்த் தீவுக்கூட்டத்துக் கவாய் என்னுந் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்ணர், ரூத் சிமித் என்னும் அறிஞர் இருவர் நாற்பது வயதுவரை தொடர்ந்து ஆராய்ந்தனர். அவருள் மூன்றிலொரு பங்கினர் வறுமை, குடும்பப் பிணக்கு, பெற்றாரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் முதலிய பல இடர்களிற் பிறந்து வளர்ந்தவர். அவ்விடர்ப்பட்டோருள்ளும் மூன்றிலொரு பங்கினர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அன்பும் உடையவராய் வளர்ந்தனர். இவர்களுக்கு வாய்த்த துணைகளுள் முதன்மையானது யாது? தம்மை உவந்து ஏற்ற பெரியவர் ஒருவரேனும் உடனிருந்தமையாம். பாட்டியோ, சிற்றன்னையோ, அயலவரோ, ஆசிரியரோ அப்பெரியவராய் இருந்தார்.

உறவினர் அல்லாதார் இவ்விடத்தை நிரப்பவுங்கூடும். நியூயோர்க் நகரச் சிறுவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராயிருந்த ஏர்னெஸ்ற் கோல்ரர் என்பவர், 1904இல், ஆளுக்கொரு சிறுவனுக்குத் துணையாகும்படி நகரத்தவரை வேண்டினார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தை 1995இல் ஆராய்ந்தோர், துணைபெற்ற பிள்ளைகள் பிறரிலும் பார்க்கப் போதைப்பொருளைத் தொடங்குவது நூற்றுக்கு 46 குறைந்ததென்றும், பாடசாலைக்குச் செல்லாது தவிர்க்கும் நாட்கள் ஏறத்தாழப் பாதியாயின என்றுங் கண்டனர். ஆயின் 2002இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு எச்சரிக்கையொன்றையும் தந்தது. ஓராண்டுக்கு மேல் நிலைத்த துணையே பெரும்பயன் தந்தது. மூன்று மாதத்துள் முறிந்த துணையோ பிள்ளையின் தன்மதிப்பைக் குறைத்தது. அரைகுறையாய்ச் செய்த உதவி உதவாமையிலுங் கொடிதாயிற்று.

இதன் இருபக்கத்தையும் யாம் அறிவோம். யாம் மிஷன் பாடசாலையொன்றிற் கற்றோம். எமது பதின்மூன்றாம் வயதிலே தந்தையார் இறந்தனர். அந்தியேட்டி முடிந்த மறுநாள் எமது கணித ஆசிரியர் சைக்கிளில் வந்தார். அவர் வேறு சமயத்தவர். சமயம்பற்றி ஒரு சொல்லும் பேசிலர். எம் தாயாரை நோக்கி, “அம்மா, தம்பி சனிக்கிழமைகளில் என்னிடம் வரட்டும். தோட்டத்தில் அவன் தேவைப்படும் நாளைச் சொல்லுங்கோ, அன்று வரவேண்டாம்” என்றார். அவர் தாயாரிடங் கேட்டார், தாயாருக்குக் கட்டளையிட்டாரல்லர். நான்காண்டு அச்சனிக்கிழமைகள் தவறவில்லை.

ஆசிரியரானபின் யாம் அவ்வாறு செய்தோமா? தந்தையை இழந்து அம்மம்மாவுடன் வாழ்ந்த மாணவன் ஒருவனிடம், வெள்ளி மாலைதோறும் வருவோமென்று சொன்னோம். மூன்று வெள்ளி சென்றோம். பின்னர் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, போகாதொழிந்தோம். சில மாதங்கழித்து அவன் அம்மம்மா எம்மைக் கண்டு, “ஐயா வருவியள் எண்டு கன வெள்ளி படலையடியிலை இருந்தவன், இப்ப இருக்கிறேல்லை” என்றார். அவன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றாமலே விலகினான். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று யாமே என்பதை மறுக்கமாட்டோம்.

ஆதலால் ஆசிரியர்கள் கடைப்பிடிக்க வேண்டுவன இவை:

முதலாவது, தம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அப்பிள்ளை துன்பம் வந்தால் நாடிச்செல்லும் பெரியவர் பெயரை எழுதுக. எதிரே வெறுமையாயிருக்கும் பெயர்களே நம் வேலை.

இரண்டாவது, அவ்வெறுமையை நாமே நிரப்ப விரையாது, உறவிலும் ஊரிலுந் தேடுக. அம்மம்மா, தாய்மாமன், அயல்வீட்டார், பழைய மாணவர் எனப் பலர், கேட்பார் இன்மையால் வாளாவிருக்கின்றனர்.

மூன்றாவது, குடும்பத்தை விலக்கிப் பிள்ளையைத் தாங்க முயலற்க. கூலிவேலை செய்யுந் தாய்க்கு அறிவுரையிலும் பார்க்க, அஸ்வெசும முதலிய அரச உதவிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பெருந்துணை. வீட்டுப்படி ஏறுமுன் அவள் இசைவைக் கேட்க.

நான்காவது, சிறிது சொல்லி, சொன்னதைத் தவறாது செய்க. மாதம் இருமுறை ஓராண்டுக்குச் செல்வது, வாரந்தோறும் என்று சொல்லி மூன்று வாரத்தில் விடுவதினும் நன்று.

ஐந்தாவது, பிள்ளையைச் சந்திப்பது பலர் காணும் இடத்தில், வீட்டார் அறியவே ஆகுக. ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்கின்றதென்று அறிந்தால் மறைத்தலாகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னுந் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்தல் கடன்.

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயமென்று விதியுண்டு. விதி பிள்ளையைப் பாடசாலை வாயில்வரை கொண்டுவரலாம். படலையடியில் இருக்கும் பிள்ளையிடம் அது செல்லாது. அங்கே செல்லவேண்டியவர் ஒருவர். அவர் யாரென்று இவ்வாரமே எழுதிப்பார்ப்போமாக.